மலைக்குக் கீழே ஓர் ஆறு

ஆனிக் காற்று இறங்கிவிட்டால் கம்பத்தில் எந்தக் கடையிலும் காகிதம் வைத்த இடத்தில் இருக்காது. அந்த ஜெராக்ஸ் கடையில் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல் இருந்தது. ஒற்றை அறைதான். இரண்டு கணினி, ஒரு பெரிய கலர் பிரிண்டர், லேமினேஷன் மெஷின், சுவரில் கையால் எழுதிய விலைப்பட்டியல். ஆதார் திருத்தம், பட்டா நகல், வில்லங்கம், கல்யாணப் பத்திரிகை. எனக்கு முன்னால் நின்றவர் திராட்சைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்க வந்திருந்தார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஸ்டிக்கரில் போடலாமா, போட்டால் எந்த எழுத்தில் போடலாம் என்று கடைக்கார அம்மாவிடம் ஆலோசனை நீண்டது. எனக்கு அவசரம் இல்லை. மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு லேப்டாப் திரை முழுசாகத் தெரிந்தது. அதன் முன்னால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன். திரையில் ஒரு தேசம். பச்சைக் கரை, நீலக் கடல். நிலமெங்கும் யாரோ கோபத்தில் அடித்துத் தள்ளியதைப் போல நூற்றுக்கணக்கில் சிவப்புப் பெருக்கல் குறிகள்.

பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கதர்த் துண்டு, மடியில் உருட்டி ரப்பர் போட்ட பழைய காகிதச் சுருள். பூர்வீக நிலத்தின் புலப்படத்தை ஸ்கேன் பண்ண வந்தவர். செயின்மேனாகச் சேர்ந்து சர்வேயராக ஓய்வு பெற்றவர் என்று உள்ளே வரும்போதே கடைக்கார அம்மாவிடம் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் திரையைச் சாய்வாகப் பார்த்தார். பிறகு நாற்காலியையே நகர்த்திக்கொண்டார்.

“என்னப்பா, இம்புட்டு இடத்துல பெருக்கல் போட்டிருக்க? அம்புட்டும் ஆக்கிரமிப்பா?”

பையன் சிரித்தான். “இல்லங்கய்யா. அதெல்லாம் மரம், மலை, கோட்டை. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“நேத்து என்ன பண்ண?”

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. கணினிக்காரர்கள் வருஷக்கணக்கில் படித்துவிட்டுக் கேட்பதும் இதே கேள்வியைத்தான். பையன் யோசித்தான். இடம் பத்தவில்லை என்று சி டிரைவில் இருந்த படக் கோப்புறைகளை டி டிரைவுக்குத் தூக்கிப் போட்டிருக்கிறான். மென்பொருளோ பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறது. அவன் வரைந்த கோப்புக்குள் மரத்தின் ஓவியமோ மலையின் ஓவியமோ கிடையாது. எந்த ஓவியம், எந்தக் கோப்புறையில் இருக்கிறது, படத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற தகவல் மட்டும்தான் உண்டு. போய்ப் பார்த்து அங்கே ஆள் இல்லை என்றால் சிவப்புப் பெருக்கலைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

“வீடு மாறுன, அட்ரஸ் மாத்தல” என்றார் பெரியவர்.

கோப்புறை பழைய இடத்துக்குத் திரும்பியதும், திரையைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினான். மலைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. திராட்சைக்காரர்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார்.

திரையின் மேல்விளிம்பில் மென்பொருளின் பெயர் தெரிந்தது: கேம்பெயின் கார்ட்டோகிராஃபர். மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் விளையாட்டுகளுக்குத் தேசப்படம் வரைவதற்காகப் புரோஃபேன்டசி என்ற இங்கிலாந்து நிறுவனம் 1993-ல் முதன்முதலாக வெளியிட்டது. மேலே கற்பனை; அடியில் இருப்பதோ ஃபாஸ்ட்கேட் என்ற அசல் பொறியியல் வரைபட நிரல். அதை எழுதிய மைக் ரிடில்தான் அதற்கு முன்பு இன்டராக்ட் என்று ஒன்றை எழுதினார். 1982-ல் வந்த ஆட்டோகேட் அதிலிருந்து கிளைத்தது. ஆக, கட்டட பிளான் போடும் மென்பொருளுக்கு இது பங்காளி முறை. இதில் தூரிகையால் தீற்ற முடியாது. ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் அளவு உண்டு. ஓவியம் வரையத் தெரிந்த பையன்கள் இதில் திணறுவதும், நிலம் அளந்த கிழவருக்கு இது பழகிய சங்கதியாகத் தெரிவதும் அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். வாய் திறக்கவில்லை.

“எதுக்கு இந்தப் படம்?”

“செல்லுல தொடர்கதை எழுதுறேங்கய்யா. படிக்கிறவங்களுக்கு எந்த ஊரு எங்க இருக்குன்னு குழம்புது.”

நியாயமான காரணம். ஸ்டீவன்சன் 1881-ல் தீவின் படத்தை முதலில் வரைந்துவிட்டு, அதைப் பார்த்துத்தான் புதையல் தீவின் கதையை எழுதினார். டோல்கீனின் மோதிரக் கதை 1954-ல் அச்சேறியபோது அதற்கான படத்தை வரைந்தவர் அவர் மகன் கிறிஸ்டோபர். நம் பக்கத்தில் ஆர்.கே. நாராயண் மால்குடியைப் படமே இல்லாமல் பல நாவல்களுக்கு நடத்திச் சென்றார். பிறகு ஜேம்ஸ் ஃபென்னலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் உட்கார்ந்து, கதைகளில் வரும் தெருக்களையும் ஆற்றையும் கோத்து அந்த ஊருக்குப் படம் போட்டார்.

அடுத்த கோளாறு கரையில். பையன் வடகிழக்கில் ஒரு தீவைப் புதிதாகச் சேர்த்திருந்தான். சுற்றுக்கோடு சரியாகத் தெரிந்தது. பச்சையை நிரப்பச் சொன்னால் நிரம்பவில்லை. கோடு மட்டும் நின்றது, உள்ளே கடல். மூன்று தடவை அழுத்தினான். வேகமாக அழுத்தினால் ஒருவேளை கேட்குமோ என்று இன்னொரு தடவை.

பெரியவர் முன்னால் சாய்ந்தார். “கடைசிக் கல்லு மொதக் கல்லுல வந்து உக்காந்துச்சா?”

“புரியலங்கய்யா.”

மடியில் இருந்த சுருளை அவிழ்த்தார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டிய காகிதம். புல எண், உட்பிரிவு, மூலைக்கு மூலை கற்கள். நடுவில் ஒரு கோடு விறைப்பாகப் போனது. “இது ஜி லைன். கல்லுக்கும் கல்லுக்கும் நேரா சங்கிலி புடிக்கிறது. இதுலேருந்து கிராஸ் ஸ்டாஃப் வச்சு ரெண்டு பக்கமும் செங்குத்தா எட்டி எட்டி வரப்ப அளப்போம். வரப்பு வளஞ்சு வளஞ்சு போகும், இது வளையாது. சுத்தி வந்து பொறப்பட்ட கல்லுலயே வந்து முடியணும். ஒரு சாண் தள்ளி முடிஞ்சாலும் அது நிலம் இல்ல தம்பி, வெறுங்கோடு. ஆபீஸ்ல பரப்பு கணக்குப் போட மாட்டாக.”

பையன் தீவின் ஒரு மூலையைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். ஒட்டியிருப்பதாகத் தெரிந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மயிரிழை விலகல். முனையோடு முனையைப் பொருத்தும் வசதியைப் பிடித்து இழுத்து ஒட்டினான். தீவு பச்சையானது. ஆனால் தெற்குக் கரையில் ஒரு முக்கோணம் மட்டும் நீலமாகவே நின்றது.

“அங்க என்ன, குளமா?”

“நான் போடலங்கய்யா.”

கோடு தன்னையே ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டு போயிருந்தது. கரையை இயற்கையாகக் காட்ட மென்பொருள் தானாகவே நெளிவுகளைச் சேர்க்கும். நெளிவு அதிகமானால் கோட்டின்மேல் கோடே ஏறிவிடும். எது உள், எது வெளி என்று கணக்குப் புரண்டு, உள்ளே இருக்கும் இடம் வெளியாகிவிடும். பையன் இரண்டு புள்ளிகளை நகர்த்தினான், குளம் மறைந்தது. வரப்பில் இப்படி நடந்தால் இரண்டு குடும்பம் முப்பது வருஷம் கோர்ட்டுக்குப் போகும் என்று பெரியவர் சொன்னார். கம்பம் பள்ளத்தாக்கில் நஞ்சை விலை தெரிந்தவர்களுக்கு அது மிகையாகப் படாது.

கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. கடைக்கார அம்மா விசிறிக்கட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் தேசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த இருட்டில்தான் பையன் எதையோ அழுத்த, முழுத் தேசமும் சுருங்கித் திரையின் கீழ்மூலையில் கடுகாகிவிட்டது. மீதி எல்லாம் வெள்ளை. அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“போச்சா?”

“இல்ல, இருக்கு. முழுப் படமும் தெரியுற மாதிரி காட்டுன்னு கேட்டேன். இப்படிக் காட்டுது.”

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப அது சரியாத்தான் காட்டுது. நீதான் எங்கயோ ஒரு கல்ல நட்டுட்டு மறந்துட்ட.” யு.டி.ஆர். சர்வே நடந்த எண்பதுகளில் உடன் வேலை பார்த்த ஒருவர் ஏடெழுதும்போது முன்னால் ஒரு ‘ஒன்று’ கூடுதலாகப் போட்டுவிட்டாராம். ஒரு விவசாயியின் கிணறு, தோட்டத்தைத் தாண்டி ஓடையைத் தாண்டி அடுத்த கிராமத்தில் போய் விழுந்ததாம். “படம் போடுற அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. தாள்ல எடம் பத்தல.”

வெள்ளையின் வலது மேல்கோடியில் தேடினார்கள். இருந்தது. ஒற்றைத் தேவதாரு மரம், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். கை தவறி எப்போதோ விழுந்தது. அதையும் சேர்த்துக் காட்டத்தான் மென்பொருள் இவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது. அழித்தான், தேசம் திரை நிறைந்தது. கரண்ட்டும் வந்தது.

இதுவரை நடந்ததெல்லாம் சில்லறைக் கோளாறுகள். அவன் நெடுநேரம் மாட்டிக்கொண்டு நின்றது மலையிலும் ஆற்றிலும்தான்.

படத்தின் மேற்கே ஒரு நெடுமலைத் தொடர், வடக்கிலிருந்து தெற்காக. மலைக்கு அந்தப்புறம் பசுமை, காடு, ஏரி. இந்தப்புறம் பழுப்பு. ஏரியிலிருந்து ஒரு நீலக்கோடு கிளம்பி மலையை நோக்கி வந்தது, மலைக்குள் மறைந்தது, இந்தப்புறம் வெளிப்பட்டுப் பழுப்பு நிலத்தில் பாய்ந்தது. இந்த மென்பொருளில் படம் பல தாள்களாக அடுக்கப்பட்டிருக்கும். நிலம் ஒரு தாள், ஆறு ஒரு தாள், மலை ஒரு தாள், எழுத்து ஒரு தாள். பட்டியலில் மேலே இருப்பதை முதலில் வரையும், கீழே இருப்பதைக் கடைசியில் வரையும். அதனால் கீழே இருப்பது மற்றவற்றை மூடிக்கொண்டு நிற்கும்.

“கீழ உள்ளவன் மேல வர்றானா? நல்ல நாடுப்பா.”

பையன் ஆற்றுத்தாளை மலைத்தாளுக்குக் கீழே இறக்கினான். இப்போது ஆறு மலையுச்சிகளின் மேலேயே ரிப்பன் கட்டினதைப் போல ஓடியது. அசிங்கமாக இருந்தது. மேலே ஏற்றினான், ஆறு இரண்டு துண்டாகி நடுவில் காணாமல் போனது. இறக்கினான். ஏற்றினான். மலைகளைக் கொஞ்சம் விலக்கி நடுவில் ஒரு கணவாய் விட்டுப் பார்த்தான். உடனே முன்மலையைப் பின்மலை மறைத்தது. நட்ட வரிசை கலைந்ததால் வந்த வினை. சின்னங்களை வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்ததும் தெற்கே இருப்பவை முன்னால் வந்து சரியாகின. கணவாய் மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கதையில் அங்கே கணவாய் கிடையாது போலிருக்கிறது.

பெரியவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஆறு எங்கிட்டிருந்து எங்கிட்டுப் போகுது?”

“மேக்கருந்து கெழக்கங்கய்யா.”

“மலைக்குக் குறுக்கயா?”

“அதான் பிரச்சினை. ஒரு ராஜா மலையக் குடைஞ்சு தண்ணியக் கொண்டு வர்றான். அதான் கதையே. படிக்கிறவங்க, ஆறு எப்படி மலையத் தாண்டும், லாஜிக் இல்லைங்கிறாங்க.”

“நீ எந்த ஊரு?”

“கூடலூருங்கய்யா.”

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “கூடலூர்ல பொறந்துட்டு இதக் கேக்குற! லோயர் கேம்ப்புல போயி நின்னு பாரு. நாலு ராட்சதக் குழாயி மலைலேருந்து எறங்குதே, அதுல வர்றது எந்தப் பக்கத்துத் தண்ணி?”

பையன் வாசல் பக்கம் திரும்பினான். அங்கிருந்து மேற்கு மலை தெரியும். அன்று மேகம் பாதியை மூடியிருந்தது.

கற்பனைத் தேசம் வரைகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் சொல்லித்தரும் பாலபாடம் இதுதான்: ஆறு மேட்டில் ஏறாது, மலைத்தொடரைக் குறுக்கே வெட்டாது, போகப்போகக் கிளை பிரியாது. விதி சரி. பெரியாறும் அந்த விதிப்படி மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த ஆறுதான். 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை எழுதி, அடுத்த வருஷம் வேலை தொடங்கி, வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதை மறுபடி கட்டி, 1895-ல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் பொறுப்பில் அதன் குறுக்கே அணை நின்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும். எல்லோரும் அணையைப் பற்றியே பேசுகிறோம். பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம், ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். என்னைக் கேட்டால் அணை பாதிக் காரியம்தான். தண்ணீரைத் தேக்குவதை யாரும் செய்வார்கள். தேக்கிய தண்ணீரைத் தேக்கடிப் பக்கம் பின்னுக்குத் தள்ளி, மலை முதுகில் ஒரு மைலுக்கு மேல் குடைந்து, மழை நிழலில் காய்ந்து கிடந்த கிழக்குச் சரிவில் இறக்கி, சுருளியாற்றில் சேர்த்து, வைகைக்குக் கொண்டுபோய், மதுரையையும் தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் அனுப்பியதுதான் நம்ப முடியாத பாதி. பையனின் படத்தில் இரண்டு நிலா இருந்தது, பறக்கும் கோட்டை இருந்தது, கடலில் ஒரு பாம்பு இருந்தது. வாசகர்கள் அவற்றையெல்லாம் ஒத்துக்கொண்டுவிட்டு, அவன் வீட்டு வாசலில் உண்மையாகவே ஓடும் ஒன்றை மட்டும் பொய் என்கிறார்கள்.

“மலை மேலயே இருக்கட்டும்” என்றார் பெரியவர். “மறைக்கட்டும். மறைச்சாத்தான் அது மலை. குடைஞ்ச வழிய மட்டும் தனியா விட்டு விட்டுக் கோடு போடு. பூமிக்கு அடியில போறதுக்கு அதான் குறி. பாக்குறவனுக்குப் புரியும்.”

அவன் ஆற்றை மலையின் இரு பக்கமும் வெட்டி நிறுத்தினான். நடுவில் புதிதாக ஒரு தாள் சேர்த்து, பட்டியலில் மலைக்குக் கீழே வைத்து, இரண்டு வாய்களையும் இணைத்து இடைவெளிக் கோடு இழுத்தான். கோடு இடைவெளியே இல்லாமல் முழுசாக விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். திரும்பவும் முழுக்கோடு. பெரிதாக்கிப் பார்த்தால் துண்டு துண்டாகத்தான் இருந்தது. துண்டின் நீளம் ஒரு வீட்டு பிளானுக்கு ஏற்ற அளவு. எழுநூறு மைல் தேசத்தில் அந்தத் துண்டுகளும் இடைவெளிகளும் கண்ணுக்குச் சிக்காமல் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டன. துண்டின் நீளத்தைத் தேசத்தின் அளவுக்குக் கூட்டியதும் மலையின் மேல் ஏழெட்டுச் சின்னக் கோடுகள் நடந்து போயின.

இருவரும் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்தார்கள். கடைக்கார அம்மாதான், “பிரிண்ட் போடுறீகளா, இல்ல பாத்துக்கிட்டே இருக்கப் போறீகளா?” என்றார்.

பிரிண்டுக்குப் படமாக மாற்றும்போது ஒரு தகராறு. மலை நிழல்கள் எல்லாம் திரையில் ஒரு அளவாகவும் காகிதத்துக்கான படத்தில் இன்னொரு அளவாகவும் விழுந்தன. நிழலின் அகலத்தைத் திரை அகலத்தில் இத்தனை சதவீதம் என்று கொடுத்திருக்கிறான். அதைத் தேசத்தின் மைல் கணக்குக்கு மாற்றிவிட்டால் எங்கே பார்த்தாலும் ஒரே நிழல். மாற்றினான். நேரம் ஆனது. இந்த நிழல், ஒளிவட்ட வேலைகளை எல்லாம் வரையும்போது அணைத்துவைத்து, கடைசியில் மட்டும் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். இல்லாவிட்டால் ஒரு மரம் நட்டாலும் முழுக் காட்டையும் மறுபடி வரையும். அவனுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அழகு பார்க்கும் ஆசை.

ஏ3 தாளில் கலர் பிரிண்ட் வந்தது. சூடாக இருந்த தாளைப் பெரியவரிடம் முதலில் நீட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், நான்கு மூலைகளையும் வரிசையாகப் பார்த்தார். எனக்கென்னவோ இப்போது கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிடுவார் என்றே தோன்றியது.

“வடக்கு போடலயே.”

“இந்த நாட்டுல வடக்கு தேவையில்லங்கய்யா. ரெண்டு நிலா இருக்கு. அத வச்சுத்தான் தெச பாப்பாங்க.”

“ரெண்டு நிலா இருக்கட்டும். வடக்கு போடு.”

“கதைல வராதுங்கய்யா.”

“அளவு கோலும் போடல. ஒரு இஞ்சுக்கு எம்புட்டு மைலு? ராஜா எம்புட்டு தூரம் குடைஞ்சான்னு நான் எப்படிப் பாக்குறது?”

பையன் கொஞ்ச நேரம் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். வடக்கு அம்புக்குறிகள் மட்டும் முப்பது நாற்பது தினுசு இருந்தன. டிராகன் தலை வைத்தது, வாள் வைத்தது, பூ வேலை செய்தது. பெரியவர் விரலை வைத்து எல்லாவற்றிலும் சாதாரணமான ஒன்றைக் காட்டினார்.

“ரெண்டாவது காப்பிக்கும் கலர் ரேட்டுத்தான்” என்றார் கடைக்கார அம்மா. “ஏ3 இன்னொண்ணு. யாரு குடுக்குறீக?”

“என் ஸ்கேன்ல சேத்துக்கம்மா” என்றார் பெரியவர்.

“வேணாங்கய்யா, நானே குடுத்துக்கிறேன்” என்று பையன் எழுந்தான். அம்மா அதற்குள் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்களுக்கு வில்லங்கம்தான? எத்தன வருசத்துக்கு?”